சேரவே சேராது

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

போன் நம்பரை மாற்றிவிட்டாய். மெயில் போட்டால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. அம்மாவிடம் மட்டும் முகவரியைக் கொடுத்துவிட்டு, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாயாம். அம்மாவால் எந்த ரகசியத்தைத்தான் வயிற்றில் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது? நான் வாயைத் திறப்பதற்குள் கதவு எண் முதற்கொண்டு ஒப்பித்துவிட்டாள். ஆகவே தபால். கடைசியாக எப்போது பேனா பிடித்தேன் என்று ஞாபகமில்லை. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது? சஸ்பெண்ட் செய்தார்கள், சரி. விசாரணை முடிகிறவரைதானே? அதற்குள் ஊரைவிட்டே போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தானே செய்வார்கள்?

உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. வெள்ளைப் பலகையில் நீ எழுதிப் போட்டது அப்படியே இருக்கிறது, துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை. மாமியாரை இப்போது டெஸ்டிங் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று இன்னமும் பெருமையடித்துக்கொள்கிறேன். லிஃப்ட் சாஃப்ட்வேரில் எந்தப் பகுதி எதோடு சேரும், எது சேரவே சேராது என்று நீ உட்கார்ந்து விதி விதியாக எழுதி அந்தப் புரோகிராமிடம் கொடுத்தாய். விற்பனைப் பிரிவில் இருக்கும் நாங்கள் ஒரு கட்டடத்துக்கென்று கதவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, எடை பார்க்க ஒன்று எனப் பொறுக்கிக்கொண்டு ஆசையாகப் போய் நின்றால், "சேராது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். ஏன் சேராது என்றும் சொல்லும். எதைக் கொண்டுபோனாலும் நொட்டை சொல்கிறதே, இது புரோகிராமா மாமியாரா என்றேன். மொத்த ஆபீஸும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி நல்ல மாதிரிதான் பேசுகிறார். "உங்க அக்கா ஆபரேஷன், மாத்திரைன்னு இருந்தாங்க. அந்த மயக்கத்துல ஒரு விதி மாறிப்போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டா, கம்பெனி அவங்க பக்கம் நிக்கும்" என்கிறார். யாரும் உன்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. மனிதர்களுக்குத் தவறு நடக்கும். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள். யோசித்து எழுது.

உன்,
குட்டி

—

பிப்ரவரி 11

குட்டிக்கு,

"என்ன நடந்துவிட்டது?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்தேன். மறுபடி எடுக்க ஒரு நாள் ஆனது. ஒரு பெண்ணுக்கு வலது பாதம் போய்விட்டது. அதுதான் நடந்தது. தையல் தைத்துப் பிழைக்கிறவள். துணி மூட்டையோடு நாலாவது மாடியில் இறங்கக் காலை வைத்தாள். கதவு திறந்திருந்தது, லிஃப்ட் இன்னும் நிற்கவில்லை.

நீயும் நானும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள். என் காதில் பூ சுற்றாதே.

நடந்தது என்னவென்று நானே எழுதுகிறேன், உனக்குத் தெரியாது என்பதால் அல்ல. புதிய கதவுப் பகுதி, லிஃப்ட் தளத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகவே கதவைத் திறக்கத் தொடங்கும். ஆட்கள் காத்திருக்கும் நேரம் குறையும் என்று அதைக் கூவிக் கூவி விற்றவள் நீ. பழைய சென்சார் பகுதியோ, இன்னும் முழங்கை நீளம் பாக்கி இருக்கும்போதே "வந்தாயிற்று" என்று சொல்லிவிடும். பழைய கதவோடு இருந்தவரை அதனால் ஆபத்தில்லை, லிஃப்ட் நிற்கும்வரை அந்தக் கதவு திறக்காது. புதியதையும் பழையதையும் சேர்த்தால் ஓடுகிற லிஃப்ட் கதவைத் திறக்கும். அதனால்தான் இரண்டும் சேரக் கூடாது என்று எழுதினேன். கட்டாய விதியாக எழுதினேன். நம் மாமியாரிடம் இரண்டு வகை விதிகள்தானே உண்டு. கட்டாய விதியை அவள் எந்தக் காரணத்துக்காகவும் மீற மாட்டாள். விருப்ப விதி என்றால் "முடிந்தால் பார்க்கிறேன்" என்பாள், வேறு வழியில்லையென்றால் விட்டுக்கொடுப்பாள்.

விபத்து நடந்த கட்டடத்தின் சொந்தக்காரர் பழைய சென்சாரை மாற்ற மாட்டேன், புதுக் கதவுதான் வேண்டும் என்றார். மாமியார் சேராது என்றாள். நானும் சேராது என்றேன். நீ என் மேஜை மேல் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இந்த ஒரு தடவை" என்றாய். நான் முடியாது என்றேன். அடுத்த வாரம் பித்தப்பையை எடுக்க ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

விபத்து நடந்த அன்று ஆபீசுக்கு ஓடிப்போய் முதல் வேலையாக அந்தக் கட்டடத்தின் சேர்க்கையை மாமியாரிடம் கொடுத்தேன். சேராது என்று வரும், யாரோ அவளைக் கேட்காமலேயே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சேரும் என்று வந்தது. நான் எழுதிய விதிகள் எனக்குத் தெரியாதா? உள்ளே போய்ப் பார்த்தால் விதி இருக்கிறது. கட்டாயம் என்ற இடத்தில் விருப்பம். மாற்றியவர் என்று என் பெயர். மாற்றிய நாள், என் வயிற்றைக் கிழித்த நாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் பாஸ்வேர்டைக் கேட்டாய். தலையணையைச் சரிசெய்துகொண்டே கேட்டாய். "ஒரு கோட்டேஷன் பார்க்கணும்க்கா, நீ தூங்கு" என்றாய். நான் சொன்னேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆஸ்பத்திரித் தாள் என்னிடம் இருக்கிறது. அதை நீட்டினால் நான் அன்று மயக்கத்தில் கிடந்தேன் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதோடு நீ அகப்பட்டுக்கொள்வாய். அதனால்தான் இன்னும் நீட்டவில்லை.

எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். அந்த விதியை மறுபடி கட்டாயமாக்கு. அப்புறம், அதே சேர்க்கையில் ஓடும் மற்ற பதினோரு லிஃப்டுகளையும் நிறுத்தச் சொல். என் வேலை அதற்குப் பிறகு.

அக்கா

—

பிப்ரவரி 15

அக்கா,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் அம்மா, "ஏன்டி கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" என்று கேட்கிறாள். சோப்பு பட்டுவிட்டது என்றேன்.

நீ என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அந்தப் பெண்ணுக்கு நடந்தது எனக்கு வலிக்கவில்லையா? நான் என்ன கல்லா?

உன் பாஸ்வேர்டைக் கேட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். எதையும் தொடவில்லை. அதை வேறு யாருக்கும் கொடுக்கவுமில்லை. அம்மா மேல் சத்தியம். உன் விதிகளைப் பார்த்தால் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. கட்டாயம் எது, விருப்பம் எது என்றெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நான் விற்கிறவள். என்னைப் போய் உன் விதியில் கை வைத்தவள் மாதிரி எழுதுகிறாயே.

நீ கேட்டது ஆயிற்று. விதியை மறுபடி கட்டாயமாக்கிவிட்டார்கள். லிஃப்ட் விஷயமும் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

கோபப்படாமல் கேள். மாமியார் வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே நம் வீட்டில் ஒரு மாமியார் இருந்தாள், அது நீதான். நான் எதைக் கேட்டாலும் கூடாது. அந்த ஸ்கர்ட் கூடாது, அந்தத் தோழி கூடாது, நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் கூடாது. அவனைப் பற்றி நீ சொன்னது சரிதான் என்று பின்னால் தெரிந்தது, அது வேறு. ஒவ்வொரு தடவையும் நீ சொன்னதே சரியாகிப்போனால் கூட இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? ஆபீசிலும் அதே கதை. நான் ஆறு மாதம் அலைந்து ஒரு வாடிக்கையாளரைக் கூட்டி வருவேன். நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் "சேராது" என்பாய். எல்லோர் எதிரிலும்.

அந்தத் தாளைக் கொடுத்துவிடாதே அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் தனியாக நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியாததா?

குட்டி

—

பிப்ரவரி 20

குட்டி,

எல்லோர் எதிரிலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது என் தப்புதான், இனி அதைப் பேச வேண்டாம்.

இந்த அறை ஒரு வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கிறது. நாள் முழுக்கக் கீழே ஏதாவது ஒரு மெஷின் தடதடவென்று ஆடும், என் மேஜையும் கூடவே ஆடும். உன் கடிதத்தை அந்த ஆட்டத்திலேயே படித்துவிட்டு, ஒரு தாளில் நாலு வாக்கியம் எழுதினேன். மாமியார் சேராது என்று சொல்லும்போது சும்மா சொல்ல மாட்டாள். எத்தனையோ விதிகளில், எந்த நாலு ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று பொறுக்கி முன்னால் வைப்பாள். இந்த நாலில் ஏதாவது ஒன்றை எடு, சேர்க்கிறேன் என்பாள். நானும் அதையே செய்கிறேன்.

என் பாஸ்வேர்டில்தான் அந்த விதி மாறியிருக்கிறது. நான் அப்போது மயக்கத்தில் கிடந்தேன். நீ பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கவில்லை. நீ எதையும் தொடவில்லை.

இந்த நாலும் ஒன்றாக உண்மையாக இருக்கவே முடியாது, கண்ணு. முதல் இரண்டும் நடந்தவை, அவற்றை அசைக்க முடியாது. மற்ற இரண்டும் நீ சொன்னவை. ஒன்றை எடு.

இன்னொன்று. விதிகள் தலையும் வாலும் புரியாது என்கிறாய். ஆயிரத்துக்குக் கிட்ட விதிகள் இருக்கின்றன. அத்தனையிலும் சரியாக அந்த ஒன்றுக்குப் போய், சரியாக அந்த ஒரு சொல்லை மாற்றியிருக்கிறது ஒரு கை. உனக்குப் புரியாதென்றால், தெரிந்த யாரோ உனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை என்றால் உனக்கே தெரியும் என்று ஆகிறது. தெரியும்தான். சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை அடுக்கி வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. "இது கட்டாயம், இது சும்மா ஆசை" என்று நீ டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்துச் சிரித்தாய். முதலாளி நெருக்கினாரா? நெருக்கியிருந்தால் அதையும் சொல்.

நான் அந்தத் தையற்கார அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்கிறவள் என்று சொன்னதும் அவள் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். அந்த அம்மா கத்தவில்லை. "கதவு தெறந்தா எறங்குறதுதானேம்மா? நான் என்ன தப்பு பண்ணேன்? கதவு தெறந்துச்சு, எறங்கினேன்" என்றாள். இதையே மூன்று தடவை கேட்டாள். எனக்குப் பதில் தெரியும்.

நான் உன்னை மாட்டிவிடப் பார்க்கவில்லை. அரசாங்கம் போட்ட விசாரணைக் குழு முன்னால் நீயாகப் போய்ச் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பிடிபட்டுச் சொன்னால் அது வேறு. நீயாகச் சொல்வதாக இருந்தால் அந்தத் தாளை என் பெட்டியிலேயே வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு நான் இருக்கிறேன், அதை நினைத்துப் பயப்படாதே.

அக்கா

—

பிப்ரவரி 25

அக்கா, என் அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் என்னவோ ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருக்கிறது. நீ திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணு என்று எழுதிவிட்டாயே.

நானே போகிறேன். குழுவின் முன்னால் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். நீ சொன்ன மாதிரியே ஒன்றை எடுத்துவிட்டேன். அந்த நாலு வாக்கியங்களை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? காய் நறுக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் அதே நினைப்புதான். உன்னைப் போல யாராலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. ஸ்கூலில் என் கணக்கு நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, எந்த வரியில் தப்பு என்று விரல் வைப்பாயே, அதே மாதிரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன், செய்வாயா? அன்றைக்கு நீ வராதே. நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் திறக்காது. அந்தத் தாளையும் கொடுக்காதே. நீ கொடுத்துவிட்டால் நான் பயந்துபோய்ச் சொன்னதாக ஆகிவிடும். நானாகச் சொன்னேன் என்று இருக்கட்டும். அந்த ஒரு மரியாதையாவது எனக்கு மிஞ்சட்டும்.

முதலாளியிடம் எதுவும் சொல்லவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

மன்னித்துவிடு அக்கா. உன் மனசு நோகும்படி ஆகிவிட்டது.

உன்,
குட்டி

—

மார்ச் 1

குட்டி,

வர மாட்டேன். தாளையும் கொடுக்க மாட்டேன். குழுவுக்கு "நான் தனியாக எதுவும் சமர்ப்பிக்கவில்லை" என்று இன்றே எழுதிப் போட்டுவிட்டேன்.

போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. உனக்குப் பதற்றம் வந்தால் வேகமாகப் பேசுவாய், கேட்கிறவர்களுக்குப் பொய் மாதிரி இருக்கும். மெதுவாகப் பேசு. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் போதும், நியாயம் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவர்கள் வேலையைவிட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். நிறுத்தட்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது பார்த்துக்கொள்வோம். நான் கடை கண்ணி என்று எதையாவது தொடங்குவேன், நீ விற்பாய். உன்னால் எதையும் விற்க முடியும்.

இன்று ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன். கீழே ஓடிய மெஷின்கூடக் காதில் விழவில்லை.

முடிந்ததும் எழுது.

அக்கா

—

மார்ச் 12

அக்கா,

நீ வேறு யார் வாயாலாவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

குழு என்னைக் கூப்பிட்டது. போனேன். விதியில் கை வைத்தது நீயா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் தெரியாது, அக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எந்த விதி, எந்தச் சொல் என்று சொன்னாள், பாஸ்வேர்டும் கொடுத்தாள், நான் தட்டினேன் என்றேன்.

தப்பாக நினைக்காதே. கம்பெனி வக்கீல் பக்கத்தில் இருந்தார். "எல்லாம் பொருந்தி வருது, இதுக்கு மேல கேள்வியே வராது" என்றார். நிஜமாகவே அதற்கப்புறம் கேள்வி வரவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். நீ தனி ஆள். உன் மூளைக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும். எனக்கு இந்த ஆபீஸை விட்டால் என்ன இருக்கிறது? அம்மாவுக்கு மாத்திரை வாங்குகிறவளும் நான்தான். நீயே உட்கார்ந்து யோசித்தால், நம் குடும்பத்துக்கு இதுதான் நல்லது என்று உனக்கே தோன்றும்.

அம்மாவிடம் சொல்லாதே.

குட்டி

—

மார்ச் 19

உனக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே குழுவின் தாள் வந்துவிட்டது. தங்கை சாட்சி சொல்லியிருக்கிறாள், உங்கள் பதில் என்ன என்று கேட்டிருந்தார்கள். கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஓடிவந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, வீட்டு விஷயம் என்றேன்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நன்றாகத்தான் செய்திருக்கிறாய், அதைச் சொல்ல வேண்டும். எல்லாமே சேர்கிறது. என் பாஸ்வேர்டில் மாறியது சேர்கிறது. நான் மயக்கத்தில் இருந்தது சேர்கிறது, முந்தின நாளே சொல்லிவிட்டேனே. உனக்கு விதி தெரியாது என்பதும் சேர்கிறது. இனி ஆஸ்பத்திரித் தாளைக் கொண்டுபோய் நீட்டினால் அது உன் கதைக்குத்தான் இன்னொரு சாட்சி. மாமியாரிடம் கொடுத்தால் சேரும் என்பாள். ஒன்றோடொன்று முட்டுகிறதா என்று மட்டும்தான் அவள் பார்ப்பாள். நடந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான்.

உன்னிடம் ஒரு வாக்கியத்தை எடு என்று சொன்னவள் நான். தெரிந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும், யார் சொன்னது என்று கேட்டவளும் நான். காலியாகக் கிடந்த அந்த இடத்தில் என் பெயரைக் கொண்டுபோய் வைத்துவிட்டாய். உன் கதையில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று உட்கார்ந்து அடைத்துக் கொடுத்திருக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி.

உன் கடிதங்களை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். அழுதிருக்கிறாய், காலில் விழுந்திருக்கிறாய், மன்னித்துவிடு என்றிருக்கிறாய். எதற்காக மன்னிப்பது என்று ஓரிடத்திலும் இல்லை. யாருக்காவது காட்டலாமா என்று பார்த்தால் காட்ட ஒரு வரி இல்லை. எதையும் தொடவில்லை என்று எழுதியதைக் காட்டினாலும், அக்காவுக்காக மறைத்தேன் என்பாய். முதல் கடிதத்திலிருந்தே இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறாயா? அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. பயத்தில் ஒரு நாள் பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

பிரேக் பிரிவில் இருக்கிறாளே என் பழைய கூட்டாளி, அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். விதி இன்னமும் விருப்பமாகத்தான் கிடக்கிறதாம். யாரும் மாற்றவில்லை. பதினோரு லிஃப்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விதி எழுதியவளே யோசித்து மாற்றியிருக்கிறாள், அதனால் இந்தச் சேர்க்கையில் பிழையில்லை, அந்த ஒரு கட்டடத்தில் சென்சார் தேய்ந்துபோயிருக்கும் என்று கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். உன் சாட்சியம் எதற்கெல்லாம் உதவுகிறது பார்.

நேற்று குழுவுக்குப் போனேன். மறுக்கத்தான் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துக்கொண்டு போனேன். தலைவர் வயதான அம்மாள், நிதானமாகக் கேட்டார்.

"நீங்க சொல்லலைன்னு சொல்றீங்க. உங்க தங்கை சொன்னீங்கன்னு சொல்றாங்க. ரெண்டையும் விசாரிக்கணும்னா மாசக் கணக்காகும்."

"அதுவரைக்கும் அந்த லிஃப்டுங்களை நிறுத்துங்க. அந்த ரெண்டும் சேரக் கூடாது. அது எனக்குத் தெரியும்" என்றேன்.

"உங்க வார்த்தையை இப்ப நிபுணர் கருத்தா எடுத்துக்க முடியாதும்மா. நீங்களே வழக்குல ஒரு கட்சி. வெளியில ஒருத்தரை வெச்சுச் சோதிச்சுத்தான் நிறுத்தலாம்னு கம்பெனி சொல்லுது. சட்டம் அப்படித்தான் இருக்கு."

"நான் ஒத்துக்கிட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "விதி எழுதினவங்களே நான்தான் மாத்தச் சொன்னேன், அது தப்புன்னு சொல்லிட்டா, விசாரிக்க என்ன இருக்கு? இன்னிக்கே நிறுத்த உத்தரவு போடலாம். ஆனா இந்தத் துறையில இனிமே நீங்க எதுலயும் கையெழுத்துப் போட முடியாது. யோசிச்சுக்கங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அந்தத் தையற்கார அம்மாவின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நீ சொன்னதெல்லாம் உண்மை என்று எழுதி, அதன் கீழ் போட்டேன். பொய்யென்று தெரிந்த ஒரு வாக்கியத்துக்குக் கீழே என் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை.

சாயங்காலத்துக்குள் பதினோரு லிஃப்டையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டாளி போன் செய்து சொன்னாள். எல்லாக் கட்டடத்திலும் ஆட்கள் திட்டிக்கொண்டே மாடி ஏறுகிறார்களாம். ஏறட்டும்.

இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. அக்கா கடைசியில் விட்டுக்கொடுத்துவிட்டாள், அவள் மனசு பெரிய மனசு என்று அம்மாவிடம் போய்ப் பேசாதே. அந்தக் கதவுகளில் கால் வைக்கப் போகிறவர்களுக்காகச் செய்தேன். உன்னைக் காப்பாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லாமல் போனதுதான் எனக்குக் கசக்கிறது.

அம்மாவின் மாத்திரைக்கு நான் அனுப்புவேன், நேராக அவளுக்கே. பிள்ளைகள் பெரியம்மா எங்கே என்று கேட்டால் வேலையாகப் போயிருக்கிறாள் என்று சொல். உனக்குத்தான் சொல்ல வருமே.

இதற்குப் பதில் எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ அழுது நாலு வரி எழுதினால் நான் நம்பிவிடுவேன்.